கஸ்தூரியின் பல்வரிசை

மே 14, ஞாயிறு

முன்பல் உடைந்துவிட்டது. மேல்வரிசையின் நடுப்பல் இரண்டில் இடது பக்கத்தது. பாதிக்கு மேல் காணோம். உடைத்தது கஸ்தூரி அனுப்பிய முறுக்கு. மகன் கல்யாணத்துக்குப் பலகாரம் சுட ஆரம்பித்துவிட்டாளாம், ருசி பார்க்கச் சொல்லி மேட்டூரிலிருந்து ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருந்தாள். என் தங்கை எதைச் செய்தாலும் அழுத்தமாகத்தான் செய்வாள்.

உடைந்த துண்டைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை.

மே 15, திங்கள்

காற்று பட்டாலே பல் சுண்டி இழுக்கிறது. ஸ்டுடியோவைத் திறந்து உட்கார்ந்தேன். வந்தவர்களிடமெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டு பேசினேன். யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் பேசுகிறோம்.

எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். சின்ன வயதில் அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கோடு விழுந்துவிடும். தேய்த்தாலும் போகாது, சாம்பல் போட்டாலும் போகாது. கல்யாணத்துக்குப் பெண் போட்டோ எடுக்க வருகிறவர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்வது, "அக்கா, பல்ல மட்டும் கொஞ்சம் வெள்ள பண்ணிருங்க." என் வீட்டுக்காரர் முனிரத்தினம் போட்டோ எடுப்பார், நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெள்ளையடிப்பேன். இருபது வருஷமாகப் பாலக்கோடு சுற்றுவட்டாரத்தின் பல்லையெல்லாம் வெளுத்தவள் நான். என் பல்லை மட்டும் வெளுத்ததில்லை. நான் போட்டோவே எடுத்துக்கொள்வதில்லை.

கஸ்தூரிக்கு மட்டும் பால் மாதிரி வெள்ளைப் பல். ஒரே வயிற்றில் பிறந்தவள்தான். பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோதே மேட்டூர்ப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அங்கே காவேரித் தண்ணீர்.

பொறாமை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். விஷயத்தைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மே 18, வியாழன்

பல் டாக்டரிடம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் புதிதாக வந்திருக்கிறாள், ஷைனி என்று பெயர், மார்த்தாண்டத்துப் பெண். முப்பது வயதிருக்கும். வாயைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

நிறைய வழி சொன்னாள். பிடுங்கிவிட்டுக் கழற்றி மாட்டுகிற பல் வைக்கலாம். பிடுங்கிவிட்டு இரண்டு பக்கத்துப் பல்லையும் சீவி, மூன்றையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டலாம். எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் பல் வைக்கலாம், ஆனால் அது முடிய நாலைந்து மாதம் ஆகும். கல்யாணம் ஜூன் இருபத்தைந்து, ஆனி பத்து. அது கதைக்கு ஆகாது. கடைசியாக, வேர் கெட்டியாக இருப்பதால் பிடுங்காமலே ரூட் கேனால் செய்து மேலே கேப் போடலாம் என்றாள். அவளுக்கு அதுதான் சரி என்று பட்டது. எனக்கும் சரி என்றே பட்டது, கேப்பின் நிறத்தைப் பற்றிப் பேச்சு வரும் வரைக்கும்.

பக்கத்துப் பல்லெல்லாம் பழுப்பாக இருப்பதால் கேப்பையும் பழுப்பாகச் செய்யச் சொல்வாளாம். லேப்பில் சின்ன பிரஷ் வைத்துக் கோடு போட்டு, கறை தீட்டி அனுப்புவார்களாம். புதுப் புடவை வாங்கி அதில் கறை போட்டுக் கட்டுகிறவள் உண்டா என்று கேட்டேன். சிரித்தாள். ஒன்றை மட்டும் வெள்ளையாக வைத்தால் அந்த ஒன்றுதான் உங்கள் முகத்தில் தெரியும் என்றாள். அப்படியானால் முன்னால் இருக்கிற ஆறுக்கும் வெள்ளைக் கேப் போட்டுவிடு என்றேன்.

அதற்கு மற்ற ஐந்தையும் சுற்றிலும் சீவ வேண்டும். அவள் கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "கறைதாங்க இருக்கு, அஞ்சு பல்லும் நல்லா கெட்டியா இருக்கு. ஒரு தடவ சீவிட்டா திரும்ப வளராது. யோசிச்சுச் சொல்லுங்க."

ரூட் கேனால் சனிக்கிழமை ஆரம்பம். நிறத்தைப் பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மே 20, சனி

ஊசி போட்டு நரம்பை எடுத்தாகிவிட்டது. வலிக்கவில்லை. உதடு மதியம்வரை என்னுடையதாக இல்லை. ஒரு தற்காலிகத் துண்டு ஒட்டி அனுப்பியிருக்கிறாள்.

மே 21, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீடு. பஸ்ஸில் முக்கால் மணி நேரம். தனியாகத்தான் இருக்கிறாள், கூட இரண்டு ஆடு. கண்ணில் புரை விழுந்து ஆறு மாதம் ஆகிறது, ஆள் நிழலாகத்தான் தெரிகிறது. ஆபரேஷனுக்குக் கூப்பிட்டால் கல்யாணம் முடியட்டும் என்கிறாள்.

போனதும் ஆரம்பித்தாள். மாத்திரை தீர்ந்து ரெண்டு நாள் ஆச்சு, நீ என்னத்த நினைச்சுக்கிட்டு இருக்கிற. போன வாரம் வாங்கி வந்த பருப்பில் பூச்சி. ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடு. பல் உடைந்ததைச் சொன்னேன். வாயைத் தொறடி ராணி என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, அவசர அவசரமாத் தின்னா இப்பிடித்தான் என்றாள். நானே காப்பி போட்டு அவளுக்கும் கொடுத்து நானும் குடித்தேன்.

மீதி நேரமெல்லாம் கஸ்தூரி. கஸ்தூரி பேசினாள், கஸ்தூரி இளைத்துவிட்டாளாம், கஸ்தூரிக்கென்று ஒரு புடவை எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன், நிறம் சரியா பார். பார்த்தேன். நல்ல அரக்கு. எனக்கு அம்மா கடைசியாகப் புடவை எடுத்துக் கொடுத்தது எப்போது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

சின்ன வயதிலிருந்தே எனக்கு ஓர் எண்ணம் உண்டு. இரண்டில் எது உசத்தியோ அதைத்தான் ஆற்றங்கரைக்கு அனுப்பினார்கள், மிச்சத்தைப் போர் தண்ணீருக்கு வைத்துக்கொண்டார்கள் என்று. அந்தக் காலத்தில் தண்ணீரால்தான் பல் இப்படி ஆகிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாதுதான். ஆனாலும் எண்ணம் போகவில்லை.

மே 24, புதன்

கஸ்தூரி போன். எங்கள் இருவருக்கும் ஒரே குரல். போனில் என் வீட்டுக்காரரே ஏமாந்திருக்கிறார். ஆனால் சிரிப்பு வேறு. அவள் வாயை முழுக்கத் திறந்து சிரிப்பாள், போனிலேயே அது கேட்கும்.

மேடையில் என் பக்கத்திலேயே நீ நிற்க வேண்டும், வேறு யாரையும் நிற்க விடமாட்டேன் என்றாள். பெரியம்மாவும் பெரியப்பாவும் இல்லாததால் அம்மாதான் மேடையேறி மாப்பிள்ளைக்கு மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும், அம்மா பிடி கொடுக்க மாட்டேன் என்கிறது, ஜூன் எட்டாம் தேதி வியாழக்கிழமை பத்திரிகையோடு நேரில் போய்க் கேட்கப் போகிறேன் என்றாள்.

அவள் பக்கத்தில் நிற்பதாம். அவளுடைய கல்யாண ஆல்பம் எங்கள் வீட்டில் இருக்கிறது. நான் இருக்கும் ஒரே படத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறேன், யாரோ என்னைத் திட்டிக் கூட்டி வந்த மாதிரி. அவள் பளீரென்று சிரிக்கிறாள்.

போனை வைத்ததும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், ஆறு கேப்தான் என்று. அவர் கொஞ்ச நேரம் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, இருக்கிற நல்ல பல்லை எதற்குச் சீவ வேண்டும் என்றார். அவர் பல் என்னுடையதைவிட மோசம், அவரிடம் இதைப் பேசிப் பிரயோசனமில்லை.

ஜூன் 1, வியாழன்

கடையில் கூட்டமில்லை. கஸ்தூரியின் படம் ஒன்றை எடுத்து, அவள் பல்வரிசையை மட்டும் வெட்டி என் வாயில் ஒட்டினேன். பத்து நிமிஷ வேலை. ஓரத்தை மெழுகி, உதட்டு நிழலைச் சரி பண்ணினேன். அப்புறம் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படித்தான் இருந்திருப்பேன், பெரியம்மா அன்றைக்கு என்னைத் தூக்கிப் போயிருந்தால்.

ஜூன் 2, வெள்ளி

படத்தை பிரின்ட் போட்டு டாக்டரிடம் கொடுத்தேன். இது யார் பல் என்று கேட்டாள். என்னுடையதுதான் என்றேன். நம்பவில்லை. தங்கையுடையது என்று சொன்னேன்.

வெட்டுவதற்கு முன் ஒன்று செய்யலாம் என்றாள். அச்சு எடுத்து, பல்லைச் சீவாமலே மேலே மெல்லிசாக வெள்ளை பூசி ஒட்டிக் காட்டுவாளாம். மூன்று நாலு நாள் போட்டுப் பார்க்கலாம், கடித்துச் சாப்பிடக் கூடாது. பிடித்தால் அதே மாதிரி கேப் செய்வது, பிடிக்காவிட்டால் உரித்து எடுத்துவிட்டால் அடியில் பழைய பல் அப்படியே இருக்கும். எனக்குப் பிடிக்காமல் போகும் என்று அவளுக்கு ஒரு ஆசை. பார்க்கலாம்.

ஜூன் 6, செவ்வாய்

போட்டாகிவிட்டது.

கண்ணாடியைக் கொடுத்தாள். உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். படியிறங்கும்போது கீழே டீக்கடைக்காரர் எதற்கோ சிரித்தார், நானும் சிரித்தேன். கை தானாக மேலே வந்தது, பாதியில் நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்றார். அப்புறம், பேச்சுதான் கொஞ்சம் மாறுது என்றார். பல் தடிப்பு, நாக்குக்குப் பழக வேண்டும்.

நாளைக்கு அம்மாவிடம் காட்ட வேண்டும். ஞாயிறுவரை பொறுக்க முடியாது.

ஜூன் 7, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணிக்குப் போனேன். கல்யாணத்துக்கென்று எடுத்த சில்க் காட்டன் புடவையைக் கட்டியிருந்தேன். புதுப் பல்லுக்குப் பழைய புடவை வேண்டாம் என்றுதான். அம்மா வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டேன். தலை நிமிர்ந்தது. கண்ணைச் சுருக்கி என் முகத்தைப் பார்த்தாள். பல்லின் வெள்ளை மட்டும் பளிச்சென்று தெரிந்திருக்கும். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"கஸ்தூரியா? நாளைக்குத்தான வர்றேன்னு சொன்னே? வாம்மா, வா."

நான் ராணிம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவளுக்கு மட்டும் என்ன கிடைக்கிறது என்று. ஐந்து நிமிஷம் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லிவிடலாம், சிரித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். எனக்கு அவள் நாற்காலி போட்டதே கிடையாது. காப்பி போடட்டுமா, வெயிலுக்கு மோர் வேணுமா, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டாள். மெதுவாக, மரியாதையாக. ஒரு வேலை சொல்லவில்லை, ஒரு குறை சொல்லவில்லை. மாத்திரைப் பேச்சே இல்லை. வயிறு எரிந்தது. மோரைக் குடித்துக்கொண்டே எரிந்தேன்.

கல்யாணப் பேச்சை எடுத்தேன். மேடைக்கு வர வேண்டும் என்று கஸ்தூரி மறுநாள் கேட்க இருந்ததை நானே கேட்டேன். அவளாகவே ஆகிவிட்டேன். அம்மா அவரைக்காயை அப்படியே மடியில் வைத்துவிட்டாள்.

"நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு மேடையேறட்டும்? அக்கா ஒரு புள்ளயக் குடுன்னு வந்தப்ப பெரியவளத்தான் கேட்டா. பால் மறந்த புள்ள, வளக்க லேசுன்னு. உங்கொப்பனும் சரின்னுட்டாரு. எனக்குத்தான் மனசு வரல. ராணிய உட்டுட்டு என்னால ஒருநாள் இருக்க முடியாது. அதான் பால் குடிச்சிட்டு இருந்த உன்னத் தூக்கிக் குடுத்தேன். பால் கட்டி நாலுநாள் காச்சல்ல கெடந்தேன், அப்பவும் உன்னக் கூட்டியார ஆள் அனுப்பல. ராணி பக்கத்துல படுத்திருந்தா, அதுவே போதும்னு இருந்துட்டேன். இத இத்தன வருசமா உங்கிட்டச் சொல்லல. மனசுல வெச்சுக்காத கண்ணு."

அம்மா அழுது நான் பார்த்ததில்லை, அப்பா செத்தபோதுகூட. என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. சொன்னேன். மனசுல ஒண்ணும் இல்லம்மா, நான் நல்லாத்தான் வளந்தேன், நீ மேடைக்கு வா என்றேன். கஸ்தூரியின் குரலில் சொன்னேன். அது என் குரலும்தானே.

கிளம்பும்போது மெதுவாக ஒன்று சொன்னாள்: "இத ராணிகிட்டச் சொல்லிப்புடாத. அவளுக்குத் தலகால் நிக்காது."

நிற்கவில்லைதான். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார். உசத்தி நான்தான். வைத்துக்கொண்டது என்னைத்தான். அவளுக்குப் போட்டது விருந்தாளி நாற்காலி. நாற்பத்தைந்து வருஷமாக நான் தலைகீழாகக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

பாலக்கோடு வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கஸ்தூரி ஞாபகம் வந்தது. அம்மா அவளிடம் கேட்ட மன்னிப்பு என்னிடம் இருக்கிறது.

ஜூன் 8, வியாழன்

மதியம் கஸ்தூரி போன் பண்ணினாள், அம்மா வீட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸிலிருந்தே. அம்மா அவளைப் பார்த்ததும், நேத்துதான வந்தே, மறுபடி எதுக்கு அலையிறே என்று கேட்டிருக்கிறாள். மேடைக்கு வருகிறேன், அதான் எல்லாத்தையும் பேசியாச்சே, நீதான் மனசுல ஒண்ணுமில்லேன்னுட்டியே என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம். என்னம்மா பேசினோம் என்று கஸ்தூரி கேட்டதற்கு, அத மறுபடி சொல்ல எனக்கு வாய் வராது என்று சொல்லிவிட்டாளாம்.

"அக்கா, நான் நேத்து மேட்டூரவிட்டு நகரவே இல்ல. அம்மாவுக்குப் புத்தி தடுமாறுதா?"

வயசாச்சில்ல என்றேன்.

சேலத்தில் நரம்பு டாக்டர் ஒருவர் நன்றாகப் பார்ப்பாராம். பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறாள்.

ஜூன் 9, வெள்ளி

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ பதினாலு பேர். கரன்ட் இரண்டு தடவை போனது.

ஜூன் 10, சனி

டாக்டரிடம் போய் வெள்ளையை எடுத்துவிடச் சொன்னேன். பிடிக்கலையா என்று கேட்டாள். ரொம்பப் பிடிச்சிருந்தது என்றேன். அதுதான் உண்மை. உரித்து எடுத்ததும் நாக்கால் தடவிப் பார்த்தேன், பழைய பல் ஐந்தும் அப்படியே இருந்தன.

ஒரு கேப் போதும், மற்றதைத் தொட வேண்டாம், கறையோடு செய்துவிடு என்று சொல்லிவிட்டேன். எழுதி வைத்துவிடுகிறேன், பின்னால் எனக்கே நல்லவள் பட்டம் கொடுத்துக்கொள்ளக் கூடாது. கஸ்தூரியின் முகத்தோடு இன்னொரு தரம் அம்மா எதிரே உட்கார முடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அம்மாவால் விட்டுவிட்டு இருக்க முடியாமல் போன ராணிக்குப் பழுப்புப் பல். அதை எதற்கு நான் இன்னொருத்தியுடையதாக மாற்றிக்கொள்ள வேண்டும்? இனிமேல் நான் சிரித்தால் அது நான்தான் என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

ஜூன் 11, ஞாயிறு

அம்மா வீடு. வாசலில் நின்று பெயரைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். அம்மா திட்டவில்லை. மாத்திரை கேட்கவில்லை. ஆட்டுக்குத் தழை போடு என்று சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை யார் வந்தது என்று என்னிடமே கேட்டாள். யாரோ வந்து மோர் குடித்த சொம்பு இருந்தது, நானே எடுத்துக் கழுவினேன், ஆனால் கஸ்தூரி வரவில்லை என்கிறாள். கனவில் சொம்பு கழுவுவார்களா? அடுப்பைப் பற்றவைத்தால் அணைத்தோமா இல்லையா என்று நாலு தடவை போய்ப் பார்க்கிறேன் என்றாள்.

"எனக்குப் புத்தி கெட்டுப்போச்சாடி? நெசத்தச் சொல்லு."

சொல்லவில்லை. சொன்னால் நான் கேட்டதும் தெரிந்துவிடும், மன்னிப்பைத் திருடியதும் தெரிந்துவிடும். கல்யாணம் முடியட்டும், கண் ஆபரேஷன் முடியட்டும் என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஜூன் 15, வியாழன்

லேப்பிலிருந்து கேப் வந்தது. வைத்துப் பார்த்தால் கறை போதவில்லை, சும்மா டீ குடித்த பல் மாதிரி இருக்கிறது. போன வாரம் என் பக்கத்துப் பல்லைப் படமெடுத்துப் பெரிதாக பிரின்ட் போட்டுக் கொடுத்திருந்தேன், எந்தக் கோடு எங்கே வளைகிறது என்று தெரியும்படி. அதைப் பார்த்துச் செய்யச் சொல் என்று திருப்பி அனுப்ப வைத்தேன். இன்னும் கொஞ்சம் கறை வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்றாள் ஷைனி.

ஜூன் 17, சனி

கேப் ஒட்டியாகிவிட்டது. எது புதுசு என்று வீட்டுக்காரரால் கண்டுபிடிக்க முடியவில்லை. நல்ல வேலை. சந்தோஷம் வர வேண்டும், வரவில்லை. நாளை மறுநாள் அம்மாவைச் சேலத்துக்குக் கூட்டிப் போகிறார்கள்.

ஜூன் 18, ஞாயிறு

அம்மா வீட்டுக்குப் போகவில்லை. காலையிலேயே கஸ்தூரிக்குப் போன் பண்ணினேன். சேலத்துக்கு வண்டி சொல்லிவிட்டேன் என்று அவள் ஆரம்பித்தாள், வண்டி வேண்டாம் என்றேன். பல் உடைந்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பல்லை வெட்டி ஒட்டியதைச் சொன்னேன். நாற்காலி போட்டதைச் சொன்னேன். அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ராணியை விட்டு இருக்க முடியாது என்ற இடத்தை மட்டும் விழுங்கிவிடலாமா என்று நினைத்தேன், அதை விழுங்கினால் மீதிக்கு அர்த்தமே இல்லை. சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமை தட்டியது எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள், இன்றைக்குச் சிரிக்கவில்லை. கேட்டாள்.

"அதுக்கு நீ என்ன சொன்னே?"

"மனசுல ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் வளந்தேன்னு சொன்னேன்."

"நான் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டேன்க்கா."

நாளைக் காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன், நீயும் அங்கே வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

ஜூன் 19, திங்கள்

எனக்கு முன்னால் அவள் வந்துவிட்டாள். ஊர் எல்லையில் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். பல்லைக் காட்டு என்றாள். காட்டினேன். எது புதுசு என்று கேட்கவில்லை. இருவரும் வீட்டுக்கு நடந்தோம்.

அம்மாவிடம் முதலில் நான்தான் சொன்னேன். புதன்கிழமை வந்தது நான், கஸ்தூரி மாதிரி பல் ஒட்டிக்கொண்டு வந்தேன், நீ பேர் மாற்றிக் கூப்பிட்டபோது வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அம்மா எழுந்து வந்து என் முதுகில் இரண்டு வைத்தாள். மூன்றாவதற்குக் கை ஓங்கியவள் அப்படியே நின்று, அப்ப எனக்குப் புத்தி நல்லாத்தான இருக்குது என்றாள். நல்லாத்தான் இருக்குது என்றேன். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கஸ்தூரி என்னை வெளியே போகச் சொன்னாள். வாசலில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தவில்லை, எல்லாம் கேட்டது.

அவளிடம் சொன்னதை என்னிடம் சொல்லு என்றாள் கஸ்தூரி. அம்மா திக்கித் திணறி முதலிலிருந்து சொன்னாள். கடைசியில், மனசுல வெச்சுக்காதம்மா என்றாள், அதே மரியாதைக் குரலில். கஸ்தூரி வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள். எட்டு வயதுவரை ஒவ்வொரு முழுப்பரீட்சை லீவுக்கும் துணிப்பையைக் கட்டிவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாளாம். இது எனக்குத் தெரியாது. பெரியம்மா வையும்வரை எழுந்து போக மாட்டாளாம்.

"ஒரு லீவுக்காவது வந்து கூட்டிட்டுப் போனியா நீ?"

அம்மா தப்புதாம்மா என்றாள். கஸ்தூரி விடவில்லை. தப்புன்னு சொன்னா ஆச்சா என்றாள். பால் காய்ச்சலை எனக்கு எதற்குச் சொல்கிறாய், நான் அழுததை யார் சொல்வது என்றாள். குரல் ஏறிக்கொண்டே போனது. அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அம்மாவும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள், திடீரென்று அம்மாவின் குரலும் ஏறியது.

"ஏண்டி, கூட்டியாந்திருந்தா திருப்பி அனுப்ப எனக்கு மனசு வந்திருக்குமாடி? அறிவு கெட்டவளே, அதுக்குப் பயந்துதாண்டி வரல. நாப்பத்தஞ்சு வருசம் வாயத் தொறந்து கேட்டியா நீ? வர்றது, பல்லக் காட்டறது, போறது. ஊமக்கொட்டான் மாதிரி இருந்துட்டு இன்னிக்கு வந்து என்னக் கேக்கறியா? மூஞ்சிய மொதல்ல தொட. சோறு தின்னியா இல்லியா? தின்னுருக்க மாட்டே. போயி அடுப்பப் பத்த வெய்யி."

நீ சொன்னா நான் வெக்கணுமா என்று கஸ்தூரி கத்தினாள். வெக்காம யாரு வெப்பா, உன் மாமியாரா வந்து வெப்பா என்று அம்மா கத்தினாள். தீப்பெட்டி எங்கே என்று கஸ்தூரி கத்தினாள். கண்ணு தெரியாதவ நானா நீயா என்று அம்மா கத்தினாள். ஆடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன.

இந்த வசவு இத்தனை வருஷமாக எனக்கு மட்டும்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. என்ன கிடைக்கிறது என்று தெரியாமலே வாங்கிக்கொண்டிருந்தேன். தெரிந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் பங்குக்கு ஆள் வந்துவிட்டது. வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன. கல்லைவிட்டு எழுந்திருக்கவில்லை. இருவரும் கத்தி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.